ஆறு குட்டிகளுக்குப் பால் மறக்கடித்த ஐந்து வாரம்

செவலைக்கு இது இரண்டாவது ஈத்து. சிப்பிப்பாறை என்ற வேட்டை நாய் இனத்துப் பெட்டை, நான்கு வயது, எடை 18 கிலோ. மார்கழிக் குளிரில் ஆறு குட்டி போட்டது. நான்கு பெட்டை, இரண்டு கடுவன். பிறந்த எடை 320 கிராமிலிருந்து 410 கிராம் வரை. குட்டி போட்ட கதையை இங்கே எழுதப் போவதில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை அந்த ஆறும் பாலிலிருந்து தீனிக்கு மாறியதைத்தான் எழுதுகிறேன். நாய் வளர்ப்பவர்கள் கூடினால் இணை சேர்ப்பதைப் பற்றியும் பிரசவத்தைப் பற்றியும் விடிய விடியப் பேசுவோம். இந்த ஐந்து வாரத்தைப் பற்றிப் பேச்சே வராது. ஆனால் எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் நான் பார்த்தவரை, பிரசவத்தில் பிழைத்த குட்டிகளைக் கழிச்சல் கொண்டுபோவதும், நல்ல வம்சத்துக் குட்டி கால் வளைந்து நிற்பதும் இந்தக் காலத்தில் கொடுத்த தீனியால்தான்.

பால் மறக்கடிப்பது என்றால் பாலை நிறுத்துவது என்று எடுத்துக்கொண்டு குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டுகிறார்கள். அது தேவையே இல்லை. பாலை நிறுத்தும் வேலையைத் தாய் பார்த்துக்கொள்ளும், அதற்கு நேரமும் அளவும் தெரியும். அது முழுதாக நிறுத்துவதற்குள் குட்டியின் குடல் தீனிக்குப் பழகியிருக்க வேண்டும். நாம் பார்க்க வேண்டிய வேலை அது ஒன்றுதான். நாள்காட்டியைப் பார்த்து இது நடக்காது. குட்டியின் எடையையும் மலத்தையும் தாயின் மடியையும் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும்.

முன்னேற்பாடு

ஆறும் ஒரே செவலை நிறம். எது தின்றது, எது தின்னவில்லை என்று தெரியாமல் போனால் இந்த வேலையே வீண். அதனால் பிறந்த மறுநாளே கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் உல்லன் நூல் கட்டினேன். நூலுக்கும் கழுத்துக்கும் நடுவே விரல் தாராளமாக நுழைய வேண்டும். குட்டி வளரும் வேகத்துக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை அவிழ்த்து மாற்றிக் கட்ட வேண்டும். மறந்துவிட்டால் கழுத்தை இறுக்கிவிடும்.

எடைக்குச் சமையலறைத் தராசு போதும். மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து அதன் எடையைக் கழித்துவிட்டுக் குட்டியை உட்காரவைக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், காலைத் தீனிக்கு முன்னால். வளர்ந்த நாயின் எடை எத்தனை கிலோவோ, அதில் கிலோவுக்கு 2 முதல் 4 கிராம் வீதம் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏற வேண்டும் என்பது பழைய கணக்கு. செவலையின் எடைக்கு 36 கிராமிலிருந்து 72 கிராம் வரை வருகிறது. ஒருநாள் குறைந்து மறுநாள் சேர்த்து ஏறினால் கவலை இல்லை. இரண்டு நாள் தொடர்ந்து நின்றாலோ இறங்கினாலோ அந்தக் குட்டியைத் தனியாகப் பார்க்க வேண்டும். நோட்டில் ஆறு பத்தி போட்டு எழுதிக்கொண்டே வந்தேன். குட்டி சோர்ந்து படுப்பதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது நகம். பால் குடிக்கும்போது குட்டி முன்னங்காலால் மடியைப் பிசையும். கூரான நகம் மடி முழுதும் கீறும். வலி பொறுக்காமல் தாய் எழுந்து போய்விடும். நாமோ அதற்குள் பால் வற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். கைக்குழந்தைகளுக்கு வாங்கும் சின்ன நகவெட்டியால் வாரம் ஒருமுறை நுனியை மட்டும் நறுக்கினால் போதும்.

பூச்சி மருந்து இரண்டாவது வாரத்திலேயே தொடங்கிவிட்டது. நாய்க்குட்டிக்கு உருளைப்புழு பிறந்த பிறகும் தொற்றலாம், ஆனால் பெரும்பாலும் தாயின் வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடுகிறது. கொக்கிப்புழு பாலில் வருகிறது. எத்தனை சுத்தமான இடத்தில் வளர்த்தாலும் குட்டிக்குப் புழு இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 2, 4, 6, 8 வாரங்களில் மருந்து. எங்கள் ஊர்க் கால்நடை மருந்தக டாக்டரம்மா பைரன்டல் சிரப் எழுதிக்கொடுத்து, ஒவ்வொரு முறையும் அன்றைய எடையைக் கேட்டுத்தான் எத்தனை மில்லி என்று சொன்னார். அதே நாளில் செவலைக்கும் மருந்து. குட்டிகளின் மலத்தை நக்கிச் சுத்தம் செய்வது அதுதானே. புழு நிறைந்த வயிற்றில் தீனியைப் போட்டால் வயிறு மட்டும் உப்பும், முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும்.

எப்போது முதல் தட்டு

பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் கண் திறந்துவிடும். மூன்று வாரம் ஆகும்போது ஈறில் விரலை ஓட்டினால் அரிசி முனை அளவுக்குப் பல் தட்டுப்படும். ஆனால் நான் பல்லை வைத்துத் தீர்மானிக்கவில்லை, செவலையை வைத்துத்தான் தீர்மானித்தேன். அதுவரை சாய்ந்து படுத்துப் பால் கொடுத்தது, மூன்றாம் வாரக் கடைசியில் உட்கார்ந்தபடி கொடுக்கத் தொடங்கியது. பிறகு நின்றபடி. குட்டிகள் பின்னங்காலில் எக்கி நின்று காம்பைப் பிடித்தன. அதே நாட்களில் இரண்டு குட்டி தள்ளாடித் தள்ளாடி அதன் சோற்றுத் தட்டுவரை வந்து விளிம்பை நக்கின. சரி, நேரம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

தாயின் தட்டை அவை நக்கியதற்கு நான் முன்பே ஒரு வழி செய்துவைத்திருந்தேன். சினையின் கடைசி மூன்று வாரத்திலேயே செவலைக்கு ஸ்டார்டர் தீனி பழக்கிவிட்டேன். தாய்க்கும் குட்டிக்கும் பொதுவாக விற்கும் சின்ன உருண்டைத் தீனி. பால் கொடுக்கும் நாய்க்கு அதன் சத்து வேண்டும். மூன்று, நான்காம் வாரங்களில் பால் உச்சத்தில் இருக்கும்போது, சினைக்கு முன்பு தின்றதைப் போல மூன்று மடங்கு தின்றது. தாய் தின்பதன் வாசனை பாலிலும் வரும். ஆகவே குட்டிகளுக்கு முதல் தட்டு முற்றிலும் புதிய பொருளாக இருக்கவில்லை.

பசும்பால் வேண்டாம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எதிர்வீட்டுப் பெரியம்மா குட்டிகளைப் பார்க்க வந்தவர், நான் தீனியை ஊறவைப்பதைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி இப்படிக் கெடந்து அல்லாடுத? பசும்பால்ல பாதிக்குப் பாதி தண்ணிய ஊத்தி வையி, நாலு நாள்ல கொழுகொழுன்னு வந்துரும்" என்றார். அவர் வீட்டுப் பால்தான், காசு வாங்காமல் தினமும் தருகிறேன் என்றார். அன்போடு சொன்னதுதான். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாய்ப்பாலில் புரதம் பசும்பாலில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கொழுப்பும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பால்சர்க்கரை மட்டும் பசும்பாலில்தான் அதிகம். குட்டி வளர வளரப் பால்சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் நீரை இழுத்துக் கழிச்சலாக வெளியேறும். இதில் தண்ணீரையும் ஊற்றினால், இருக்கும் கொஞ்சநஞ்சப் புரதமும் பாதியாகிறது. வயிறு நிறையும், உடம்பு வளராது. இளங்குட்டிக்குக் கழிச்சல் வந்தால் ஒரே நாளில் நீர் வற்றிப் படுத்துவிடும். பெரியம்மாவிடம் இதைச் சொன்னதும், "அப்போ தயிரு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. தயிராக உறையும்போது பால்சர்க்கரையில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதனால் ஒரு கரண்டி புளிக்காத தயிர் தாங்கும். தினமும் ஒரு கிண்ணம் தயிர் அவர் வீட்டிலிருந்து வந்தது, நானும் வாங்கிக்கொண்டேன்.

இன்னொரு பழக்கம் கம்பங்கூழும் கேப்பைக் கூழும். இந்தச் சீமை வேட்டை நாய்கள் கூழ் குடித்து வளர்ந்தவைதான், மறுக்கவில்லை. வளர்ந்த நாய் கூழோடு கறித்துண்டும் எலும்பும் கிடைத்தால் தாக்குப்பிடிக்கும். ஐந்து வாரக் குட்டிக்கு வெறும் கூழ் போதாது, வெறும் கறியும் போதாது. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு அதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். நீளக் கால் உள்ள இனத்தில் அது சீக்கிரம் தெரிந்துவிடும். முன்னங்கால் வில்லாக வளையும், பாதம் தட்டையாக விரியும். ஓடுவதற்கென்றே பிறந்த சாதிக்கு அதைவிடப் பெரிய கொடுமை இல்லை.

அதனால் அடிப்படைத் தீனி ஸ்டார்டர்தான், அதில் கால்சியமும் பாஸ்பரஸும் அளவாகச் சேர்த்திருப்பார்கள். அவித்த முட்டை, வேகவைத்த கோழி ஈரல் கொஞ்சம், தயிர் எல்லாம் சேர்த்து மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. முழுத் தீனி கொடுப்பவர்கள் கூடவே கால்சியம் டானிக்கும் ஊற்றக் கூடாது. மிஞ்சினாலும் எலும்பு கெடும். வீட்டுச் சமையலிலேயே வளர்ப்பதென்றால் குழைய வேகவைத்த சோறு, எலும்பில்லாத கொத்துக்கறி, முட்டை, அதோடு முட்டை ஓட்டை வறுத்து மாவாகப் பொடித்துச் சேர்க்கலாம். எவ்வளவு பொடி என்பதைக் குட்டியின் எடையைச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே நல்லது. சாம்பார் சோறு மட்டும் கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், குழம்பில் கரைந்திருந்தாலும் உடைக்கும்.

கஞ்சி, கூழ், களி

முதல் நாள் ஒரு பங்கு தீனிக்கு மூன்று பங்கு வெந்நீர். அரை மணி நேரம் ஊறவைத்து மிக்சியில் அடித்தேன். கஞ்சிப் பதம். விரலை வைத்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. அந்த இளஞ்சூட்டில் வாசனை நன்றாக எழும்பும்.

பாத்திரம் ஆழமாக இருக்கக் கூடாது. எங்கள் வீட்டுப் பழைய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை எடுத்து, நடுவில் கனமான பித்தளைச் செம்பு ஒன்றைக் கவிழ்த்துவைத்தேன். நடுவில் இடம் இருந்தால் குட்டிகள் ஏறிப் படுத்துக்கொள்ளும். செம்பு இருந்தால் சுற்றி நின்று தின்னும். தட்டு வழுக்கி ஓடாமல் அடியில் ஈரச் சாக்கு.

செவலையை வெளியே அழைத்துப் போய் ஒரு மணி நேரம் கழித்து, குட்டிகளுக்குப் பசி எடுத்திருக்கும்போது தாம்பாளத்தை வைத்தேன். சிவப்பு நூல் கடுவன்தான் முதலில் வந்தான். விளிம்பில் மோந்தான், முன்னங்கால் இரண்டையும் கஞ்சிக்குள் வைத்தான், கால் நனைந்ததும் பின்வாங்கி அந்தக் காலை நக்கினான். நாக்கில் ருசி பட்டதும் அப்படியே நின்றுவிட்டான். பால் குடிக்கிற குட்டிக்கு உறிஞ்சத்தான் தெரியும், நக்கத் தெரியாது. கஞ்சியின் மேல் வாயை வைத்து உறிஞ்சப் பார்த்தான், மூக்கில் ஏறியது, தும்மினான். மறுபடி வந்தபோது நாக்கை நீட்டினான். மற்ற ஐந்தும் தட்டைத் தொடுவதற்கு முன்பே அவனைச் சூழ்ந்துகொண்டு அவன் முகத்தையும் காலையும் நக்கின. ஒன்றின் மேல் ஒட்டியதை ஒன்று நக்கித்தான் முதல் நாள் தீனி உள்ளே போனது.

சிலர் குட்டியின் தலையைப் பிடித்து மூக்கைக் கஞ்சியில் அமுக்குவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சலில் கொண்டுபோய்விடும். வராத குட்டிக்கு விரல் நுனியில் தொட்டு உதட்டில் தடவினால் போதும். அன்று தின்னாவிட்டால் நாளைக்குத் தின்னும், பால்தான் இருக்கிறதே.

பத்து நிமிடம் ஆனதும் செவலையை உள்ளே விட்டேன். தட்டில் மிச்சம் இருந்ததை வழித்துத் தின்றது, ஆறு குட்டியையும் தலையிலிருந்து வால் வரை நக்கித் துடைத்தது, பிறகு படுத்துப் பால் கொடுத்தது.

முதல் வாரம் ஒரு நாளைக்கு இரண்டு தட்டுதான். மலம் நன்றாக இருந்ததால் அடுத்த வாரம் நான்கு தட்டு. விடியற்காலை ஆறு மணி, பதினொரு மணி, மாலை நான்கு, இரவு ஒன்பது. தண்ணீரை மூன்று பங்கிலிருந்து இரண்டு பங்காக்கினேன், கூழ்ப் பதம். மிக்சியை விட்டுக் கையால் மசிக்கத் தொடங்கினேன். ஐந்தாம் வாரக் கடைசியில் ஒன்றுக்கு ஒன்று, களிப் பதம். ஆறாம் வாரத்தில் உருண்டை உடையாமல் தண்ணீர் தெளித்து மென்மையாக்கியது, ஏழாம் வாரத்தில் அதோடு காய்ந்த உருண்டை கொஞ்சம். தண்ணீரைக் குறைப்பது, தட்டைக் கூட்டுவது, புதிதாக ஒன்றைச் சேர்ப்பது, இந்த மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவேன். மாற்றினால் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பேன். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால், கழிச்சல் வந்தபோது எதனால் வந்தது என்று தெரியாது.

முதல் கஞ்சி வைத்த நாளிலிருந்தே பக்கத்தில் ஒரு மூடியில் குடிதண்ணீர். பாலில்தான் முக்கால் பங்குக்கு மேல் நீர் இருந்தது. தீனி கெட்டியாக ஆக, அந்த நீரைத் தனியாகக் குடித்துத்தான் ஆக வேண்டும். ஆழமில்லாத மூடியாக இருப்பது முக்கியம். தூக்கக் கலக்கத்தில் விழுந்தால் எழத் தெரியாத வயது.

அரை மணி நேரத்துக்குமேல் எந்தத் தட்டையும் விட்டுவைக்கவில்லை. ஊறிய தீனி எங்கள் வெயிலுக்குச் சீக்கிரம் புளிக்கும், ஈ மொய்க்கும். கட்டெறும்பு அதற்கும் முன்னால் வந்துவிடும். எறும்பு கடித்த குட்டி மறுபடி தட்டுப் பக்கம் வரப் பயப்படும். தாம்பாளத்தை அதைவிடப் பெரிய ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவே வைத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

செவலை கக்கிக் கொடுத்தது

நான்காம் வாரத்தில் ஒரு மாலை, செவலை வயிறு நிறையத் தின்றுவிட்டு நேராகக் குட்டிகளிடம் போனது. குட்டிகள் பாலுக்குப் போகாமல் அதன் வாயோரத்தை நக்கின. அது தலையைத் தாழ்த்தி, விலா எலும்பு இரண்டு முறை உள்வாங்க, தின்ற தீனியைக் குட்டிகள் முன் கக்கியது. பாதி செரித்த, வெதுவெதுப்பான உருண்டைகள். ஆறும் பாய்ந்து தின்றன. அம்மா பதறிப்போய், "ஐயையோ, அதுக்கு உடம்புக்கு என்னமோ பண்ணுதுடா, எல்லாத்தையும் அள்ளிப் போடு" என்றார். அள்ள விடவில்லை. ஓநாய், செந்நாய் எல்லாம் குட்டிக்குத் தீனி பழக்குவது இப்படித்தான். நாட்டு நாய்களில் இந்தக் குணம் இன்னும் அழியாமல் இருக்கிறது. தாயின் வயிற்றுச் சூட்டில் மசிந்த தீனிக்கு ஈடாக நம் மிக்சியால் எதுவும் செய்ய முடியாது. குட்டி வளர்ந்த பிறகும் நம் வாயை நக்க எம்புவது இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். கக்கிக் கொடுப்பதால் தாய்க்குத் தீனி குறையும், அதற்கு இன்னொரு தட்டு வைக்க வேண்டும். அப்புறம், அதற்குப் பெரிய எலும்போ கறித்துண்டோ கொடுத்திருந்தால் அது குட்டியின் தொண்டைக்கு வந்து சேரும். பால் மறக்கும்வரை செவலைக்கு எலும்பு இல்லை.

மலத்தைப் பார்ப்பது

பால் மட்டும் குடிக்கும்வரை குட்டிகளின் மலம் நம் கண்ணிலேயே படாது, தாய் நக்கித் தின்றுவிடும். தீனி சேர்ந்த சில நாட்களில் அதை நிறுத்திக்கொள்ளும். அன்றிலிருந்து கூட்டிப் பெருக்குவது நம் வேலை. மூன்று வாரக் குட்டிக்கே படுக்கையை விட்டுத் தள்ளிப்போய் வெளிக்குப் போகும் புத்தி வந்துவிடும். படுக்கைக்கு எதிர்மூலையில் மணல் பரப்பிய தட்டை வைத்ததும் பெரும்பாலும் அங்கேயே போயின.

நல்ல மலம் பழுப்பு நிறத்தில், அள்ளினால் உருவம் கெடாமல் வர வேண்டும். கஞ்சிப் பதம் தின்னும்போது கொஞ்சம் இளகலாக இருப்பது இயல்பு. மஞ்சளாகத் தண்ணீராகப் போனால் தீனி வேகமாக ஏறிவிட்டது என்று பொருள். மேலே சளி பூசியதுபோல் வந்தால் குடல் எரிச்சல். வெள்ளையாகச் சுருண்டு விரல் நீளத்துக்குப் புழு வந்தால் மருந்து வேலை செய்கிறது. இரண்டாவது தவணைப் பூச்சி மருந்துக்கு மறுநாள் மூன்று குட்டிக்கு அப்படி வந்தது. அந்த மலத்தை உடனே அள்ளி ஆழமாகப் புதைத்தேன். வீட்டில் தவழும் குழந்தைகள் இருந்தால் இதில் இன்னும் கவனம் வேண்டும். இந்த உருளைப்புழு முட்டைகள் மனிதருக்கும் தொற்றும், கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வெறுங்காலில் தோலைத் துளைத்து ஏறும்.

கூழ்ப் பதத்துக்கு மாறிய இரண்டாம் நாள் நீல நூலுக்கும் மஞ்சள் நூலுக்கும் மலம் தண்ணீராகிவிட்டது. விளையாட்டில் குறைவில்லை, ஈறு ஈரமாக இருந்தது, பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழைய நிலைக்குப் போனது. பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்தது. அந்த இரண்டுக்கும் ஒரு படி இறங்கிக் கஞ்சிப் பதமே கொடுத்து, தட்டு எண்ணிக்கையைக் குறைத்துத் தாயிடம் கூடுதல் நேரம் விட்டேன். மூன்றாம் நாள் சரியானது. தாய் மடியில் இன்னும் பால் இருந்ததால்தான் இது இவ்வளவு எளிதாக முடிந்தது. குட்டிகளை அதற்குள் பிரித்திருந்தால் இறங்கி நிற்க ஒரு படி இருந்திருக்காது.

ரத்தம் கலந்த கழிச்சல், கூடவே வாந்தி, தண்ணீர்கூடக் குடிக்காமல் மூலையில் சுருள்வது, ஈறு வெளுத்து ஒட்டுவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். ராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பச்சை நூல்

ஆறில் சின்னது பச்சை நூல் பெட்டை. தாம்பாளத்தைச் சுற்றி மற்றவை தோள் கொடுத்து நின்றால் இதற்கு இடம் கிடைக்காது. இரண்டு நாள் எடை ஏறவில்லை. அதற்குத் தனிச் சாப்பாடு வைத்தேன். மற்றவற்றுக்குத் தட்டு வைப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் திண்ணையில் மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிண்ண மூடியில் கூழ், அதில் அவித்த மஞ்சள்கரு மசித்தது. யாரும் போட்டிக்கு இல்லை என்றதும் நிதானமாகத் தின்றது. பிறகு மற்றவையோடு தாம்பாளத்திலும் விட்டுவிடுவேன். அங்கே தின்பதைவிட முட்டிமோதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக. பாலுக்கும் பின்னங்கால் பக்கத்துக் காம்பில் அதை நான்தான் பிடித்து வைத்தேன், அங்கேதான் பால் அதிகம். ஆறாம் வாரத்தில் மஞ்சள் நூலை எடையில் எட்டிப் பிடித்தது. நோட்டில் அந்தப் பத்தியைப் பார்க்க எனக்கு இன்றும் சந்தோஷம்.

மடி வற்றுவது

பால் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் தாய்க்கு வரும் பெரிய ஆபத்து ரத்தத்தில் கால்சியம் இறங்குவது. மூச்சிரைப்பு, நிலைகொள்ளாத நடை, தசை துடிப்பு, பிறகு வலிப்பு. கண்டால் குட்டிகளைப் பிரித்துவிட்டு நேராக மருத்துவரிடம் போக வேண்டும், ஊசியில் காப்பாற்றிவிடலாம். செவலைக்கு அப்படி எதுவும் வரவில்லை.

குட்டிக்குப் பல் முளைத்ததும் செவலைக்குத் தப்பித்துப் போக ஓர் இடம் தேவைப்பட்டது. தொழுவத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டேன். குட்டிகளால் ஏற முடியாத உயரம். பல் பட்டால் உறுமிவிட்டுக் கட்டிலில் ஏறிக்கொள்ளும். அந்த உறுமலை நான் அதட்டி நிறுத்தவில்லை. அழுத்திக் கடித்தால் பால் போய்விடும் என்று குட்டிக்கு அதன் தாய் கற்றுக்கொடுக்கிறது. பிற்பாடு நம் கையைக் கடிக்காமல் இருப்பதற்கும் அதுதான் பாடம். பகலில் கட்டிலில் இருக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. ஆறாம் வாரத்தில் இரவு மட்டும் பால், ஏழாம் வாரத்தில் அதுவும் எப்போதாவது.

அதற்கேற்பச் செவலையின் தீனியையும் ஐந்தாம் வாரத்திலிருந்து படிப்படியாகக் குறைத்தேன். மூன்று மடங்கிலேயே வைத்திருந்தால் மடி சுரந்துகொண்டே இருக்கும், குடிக்க ஆளில்லாமல் கட்டிக்கொள்ளும். குடி முழுதாக நின்ற அன்று தண்ணீர் மட்டும், மறுநாள் வழக்கமான அளவில் கால் பங்கு, பிறகு அரை, முக்கால், முழு அளவு. மடி நிறைந்திருக்கிறதே என்று பீய்ச்சிவிடக் கூடாது. பீய்ச்சினால் இன்னும் சுரக்கும். அந்த இறுக்கம்தான் சுரப்பை நிறுத்துகிறது. காலையும் மாலையும் பத்துக் காம்பையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் சூடாக, கல்லாக, சிவந்து இருந்தாலோ தொட்டால் கத்தினாலோ மடிநோய், அதற்கு மருந்து வேண்டும். பெரியம்மா மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொன்னார். பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால் வற்ற நம்மூரில் செய்வதுதான். குட்டிகள் துணியைப் பிய்த்துப் பூவைத் தின்னும் என்பதால் அதைச் செய்யவில்லை. ஒரு வாரத்தில் மடி தானாகவே தொய்ந்து சுருங்கிவிட்டது.

தடுப்பூசியும் புது வீடும்

சீம்பாலில் வந்த நோய் எதிர்ப்பு சரியாக இந்த வாரங்களில்தான் கரைந்துகொண்டிருக்கும். குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் கொண்டுவரும் பார்வோ வைரஸ் காத்திருப்பது அந்த இடைவெளிக்குத்தான். ஆறாம் வாரத்தில் முதல் ஊசி போட்டோம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு மிச்சமிருந்தால் அந்த ஊசியை அதுவே செயலிழக்கவைக்கும். அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பப் போடச் சொல்கிறார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். மருந்தகத்துக்குக் கூடையில் சாக்கு விரித்துக் கொண்டுபோனேன், கூடையை மடியிலிருந்து இறக்கவில்லை. நோய் நாய்கள் வந்து போகும் தரை அது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது. வீட்டில் தொழுவத் தரையைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி கழுவிக் காயவைத்த பிறகே குட்டிகளை விட்டேன். பார்க்க வந்தவர்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கைகால் கழுவிவிட்டுத்தான் தொட்டார்கள். முகம் சுளித்தவர்களும் உண்டு.

ஐந்தாம் வாரத்திலேயே குட்டி கேட்டு வந்தார்கள். "அண்ணாச்சி, தானாத் தின்ன ஆரம்பிச்சிருச்சுல்லா, குடுத்துர வேண்டியதுதானே" என்று ஒருவர் வண்டியோடு வந்து நின்றார். கொடுக்கவில்லை. தட்டில் தின்னத் தெரிந்ததும் பால் மறந்துவிட்டது என்று அர்த்தமில்லை, கடிக்காமல் விளையாடக் கூடப்பிறந்தவையோடு இன்னும் பழக வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளும் சொல்கின்றன. அவர் மாசிக் கடைசியில் திரும்ப வந்து நீல நூலை வாங்கிப்போனார்.

ஒவ்வொரு குட்டியோடும் ஒரு வாரத்துக்கான அதே தீனியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். வீடு மாறும் வாரத்தில் தீனியையும் மாற்றினால் குடல் தாங்காது. முதல் சில நாள் இதே தீனி, பிறகு புதுத் தீனி எதுவானாலும் கால் பங்கு, அரைப் பங்கு என்று ஒரு வாரத்தில் மாற்றச் சொன்னேன். ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஆறாம் மாதம்வரை குறைந்தது மூன்று வேளை. பூச்சி மருந்து கொடுத்த தேதிகள், ஊசித் தேதி, அடுத்த ஊசித் தேதி, எட்டாம் வார எடை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கழுத்து நூலின் நிறத்தையும் குறித்துக் கொடுத்தேன். பச்சை நூல் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.